பழ லாட்டே மகாத்மியம்

தமிழ்நாட்டில் தேநீர் என்பது நெடுங்காலமாக மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும் அற்பக் காரியமாகவே இருந்துவந்தது. பால் பொங்கும், தூள் விழும், சர்க்கரை விழும், வடிகட்டி வழியாக டம்ளருக்கு வந்து சேரும். குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இதில் என்ன சாதனை இருக்கிறது? நாலு பேருக்குக் காட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? படம் எடுக்க ஓர் அடுக்கு உண்டா, அடுக்குக்கு ஒரு நிறம் உண்டா? இந்தக் குறைகளையெல்லாம் தீர்க்க வந்த அவதாரம்தான் பழமும் கிரீன் டீயும் பாலும் சேர்ந்து வீட்டிலேயே உருவாகும் இதமான லாட்டே. மூன்று நிமிட வேலையை முக்கால் மணி நேரத்துக்கு உயர்த்திக் காட்டிய பானம் இது. உழைப்பைத் தெய்வமாகக் கும்பிடும் நாடு இதற்கல்லவா தேர் இழுக்க வேண்டும்.

என் அக்கா மகன் இந்தக் கலையில் கரை கண்டவன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை. அவன் லாட்டே தயாரிப்பதைச் சமையலறை வாசலில் நின்று முழுதாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பார்த்ததை மறைக்காமல் சொல்வது என் கடமை.

இந்தப் பானத்துக்கு முதல் பொருள் பழமும் இல்லை, தேயிலையும் இல்லை. குளிர். போர்வைக்குள் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி குடிக்க வேண்டும் என்பது விதி. சென்னையோ ஜனவரி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊர். மே மாதத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதற்காக ஒரு கலைஞன் சோர்ந்துவிடலாமா? 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அதிலிருந்து ஆறு டிகிரி கீழே இறக்க ஒரு கட்டைவிரல் போதும். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சீரியல் பல்பு மாலையைப் போட்டுவிட்டால் அக்னி நட்சத்திரத்தின் நடுப்பகல், கோத்தகிரியின் மார்கழி மாலையாகிவிடுகிறது. முதலில் காசு கொடுத்துக் குளிரை வாங்குவது, பிறகு அந்தக் குளிரைப் போக்கக் காசு கொடுத்துச் சூட்டை வாங்குவது: இதில் உள்ள பூரணத்துவம் வேறு எந்தப் பானத்துக்கும் இல்லை. ஒரே கோப்பையால் மின்வாரியமும் வாழ்கிறது, பால்காரரும் வாழ்கிறார்.

அடுத்தது சிக்கனம். கஃபேயில் இதே கோப்பைக்கு முந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் பிடுங்குகிறார்கள் என்பதால்தான் அவன் வீட்டில் செய்யத் துணிந்தான். மிச்சம் பிடிக்கும் பிள்ளை. அதற்காகப் பாலில் நுரை கிளப்ப பேட்டரியில் ஓடும் ஃப்ராதர் வாங்கினான். தண்ணீரின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் வாங்கினான். கிராம் கணக்கில் நிறுக்க எலெக்ட்ரானிக் தராசு வாங்கினான். உள்ளே சூடு, வெளியே கை சுடாத இரட்டைச் சுவர்க் கண்ணாடி டம்ளர் வாங்கினான். அது ஜோடியாகத்தான் வரும். வரும் வழியிலேயே ஒன்று உடைந்துவிட்டதால் இன்னொரு ஜோடியும் வாங்கினான். இனி பிடிப்பதெல்லாம் மிச்சம்தான். நாலைந்து வருடம் விடாமல் குடித்தால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றுகிறது, இடையில் வேறு பானம் பிரபலமாகாமல் இருந்தால்.

பழத்துக்கு வருவோம். தேர்ந்தெடுக்கப்பட்டது ஸ்ட்ராபெர்ரி. மகாபலேஷ்வர் மலையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் ஏறி, இரவெல்லாம் லாரியில் பயணம் செய்து, மேலே இருப்பவை சிவப்பாகவும் கீழே இருப்பவை ஞானம் அடைந்தவையாகவும் வந்து சேரும் பழம். ஆரோக்கியத்துக்காக என்றான். வைட்டமின் சி இருக்கிறதாம். இருக்கிறது; 100 கிராமுக்கு 60 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் கொய்யா அவன் அபார்ட்மென்ட் வாசலிலேயே தள்ளுவண்டியில், நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கிடைக்கிறது. தள்ளுவண்டியில் கிடைப்பது எப்படி ஆரோக்கியமாக இருக்க முடியும்? மேலும் அதை அப்படியே கடித்துத் தின்றுவிடலாம். பழத்தை வெறுமனே தின்பது சோம்பேறித்தனத்தின் அடையாளம்.

ஆகவே ஸ்ட்ராபெர்ரிகளைக் காம்பு கிள்ளி, நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரையோடு போட்டுக் கொதிக்கவிட்டான். சூட்டில் வைட்டமின் சி சிதையும் என்று ஆறாம் வகுப்பில் படித்திருப்போம். அந்தப் பாடத்தைக் கண்ணெதிரே செய்து காட்டும் பானம் என்ற வகையில் இதன் கல்விச் சேவையையும் குறிப்பிட வேண்டும். பழத்தில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் தண்ணீர். அது வற்றும்வரை கிளற வேண்டும். வற்றியதை மிக்ஸியில் அடித்து, சல்லடையில் தேய்த்து, சக்கையை ஒதுக்கினான். சக்கையோடு பழத்தின் நார்ச்சத்தில் ஒரு பங்கும் ஒதுங்கியது. நார்ச்சத்து தொண்டையில் இடறும் பொருள்; அதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பியது கருணைச் செயல். எஞ்சி நின்றது பழத்தின் நிறமும் மணமும் சர்க்கரையும். அதாவது, மிட்டாய் செய்கிறவர்கள் பழமே இல்லாமல் எட்டிவிடும் இடத்தை, இவன் முழுக்க முழுக்கப் பழத்தின் வழியாகவே எட்டினான்.

சர்க்கரையைப் பார்த்து அக்காவுக்குத் தாங்கவில்லை. "ஏண்டா, அப்பா காபியில அரை ஸ்பூன் போட்டுக்கிட்டா அந்தக் கத்து கத்துற. நீ பாட்டுக்குக் கரண்டி கரண்டியா கொட்டறியே?"

"அம்மா, அவர் போட்டுக்கிறது சர்க்கரை. இது சிரப்."

மருத்துவ உலகம் இவ்வளவு நாளாகக் காணத் தவறிய வேறுபாடு இது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாள் முழுதும் உண்ணும் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்துக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்றது. ஐந்து என்றால் சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில் சேர்த்திதான் என்றும் சொல்லி, நம் ஆட்களின் கடைசிப் புகலிடத்தையும் அடைத்துவிட்டது. ஒரு நாளைக்கு இந்த ஆறு டீஸ்பூனைப் பங்கு பிரித்து, காலையில் இத்தனை மாலையில் இத்தனை என்று கணக்குப் பார்த்து வாழ்வது எவ்வளவு மன உளைச்சல்! லாட்டே அந்தப் பாரத்தை ஒரே அமர்வில் இறக்கிவைத்துவிடுகிறது. பிற்பகல் மூன்றரை மணிக்கே அன்றைய கோட்டா முடிந்தது. மீதி நாள் முழுக்க மனிதன் சுதந்திரன்.

இப்போது கிரீன் டீ. இந்தப் பானத்தின் பெயரில் பாதியும், பொருளில் மிகச் சிறிய பகுதியும் அதுதான்.

கிரீன் டீக்கென்று தனிச் செடி கிடையாது. கறுப்புத் தேயிலை தரும் அதே செடிதான். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கிவிட்டால், இலையைக் கறுக்க வைக்கும் நொதி செயலிழக்கும்; இலை பச்சையாகவே நிற்கும். இந்த அடக்கமான இலைக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: கொதிக்கும் தண்ணீர் ஆகாது. 70லிருந்து 80 டிகிரிக்குள் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் மணக்கும்; கொதிநீர் பட்டால் கசக்கும். இதை நம் பிள்ளை நன்றாக அறிவான். தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு, 82-க்கும் 79-க்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நேரத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டான். ஒரு பை போட்டால் பாலில் ருசி தெரியாது என்று மூன்று பை போட்டான். மூன்று பை போட்டதால் கசந்தது. கசப்பைச் சரிக்கட்ட இன்னொரு கரண்டி சிரப் விட்டான். அந்த டிகிரிக் கணக்கின் பலன் என்ன என்று கேட்பவர்கள் கலையின் எதிரிகள். தண்ணீர் 80-ல் இருந்ததா 100-ல் இருந்ததா என்று உலகத்தில் எந்த நாக்கும் கண்டுபிடிக்க முடியாதபடி கடைசியில் எல்லாவற்றையும் சமமாக்கிவிடும் சமத்துவம் இதில் இருக்கிறது.

இதற்கான தேயிலை நீலகிரியில் விளைகிறது, இரவு பஸ் ஏறினால் காலையில் போய்விடும் தூரத்தில். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை பறிக்க வேண்டும். அந்தப் பச்சை இலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கேட்டுச் சிறு விவசாயிகள் 2023 செப்டம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஃப்ராதரின் பேட்டரிக்கே அதைவிட அதிகம் ஆகிறது. தேயிலையைப் பெயருக்கு மட்டும் சேர்ப்பதால் அந்த மலைக்கு இந்த லாட்டே எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை. லாபமும் கொடுப்பதில்லை. யாருக்கும் தீங்கு நினைக்காத பானம்.

பால் சேரும் கட்டத்தில்தான் இதன் வீரம் வெளிப்படும்.

பாலின் புரதத்தில் எண்பது சதவீதம் கேசின். புளிப்பு ஏறி, அமிலக் காரக் குறியீடான பிஎச் 4.6-க்கு இறங்கினால் அது கூடிக் கட்டி தட்டும். நாம் திரிந்தது என்கிறோம். நல்ல பாலின் பிஎச் 6.6-ஐ ஒட்டி இருக்கும். ஸ்ட்ராபெர்ரியின் பிஎச் மூன்றரையைச் சுற்றி. சூடு கூடினால் திரிவது சீக்கிரம் நடக்கும். ஆக, புளித்த பழக்கூழையும் கொதிக்கும் பாலையும் ஒன்றாக ஊற்றுவது பன்னீர் செய்ய விரும்புகிறவர்களின் வழக்கம். புளிப்புப் பழத்தைப் பாலோடு சேர்க்காதே என்று நம் பழைய வைத்தியர்கள் சொல்லி வைத்ததும், கல்யாண வீட்டில் பாலும் பழமும் கொடுக்கும்போது புளிக்காத வாழைப்பழத்தையே எடுத்துக்கொண்டதும் அவர்களுடைய துணிச்சல் குறைவைக் காட்டுகின்றன. மாப்பிள்ளைக்கு முன்னால் பால் திரிந்துவிடுமோ என்று பயந்த கோழைகள்.

அக்கா மகன் பயப்படவில்லை. முதல் கோப்பை திரிந்தது. "டெக்ஸ்சர் வந்திருக்கு மாமா" என்றான். இரண்டாவதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். பழக்கூழை ஆறவைத்தான். டீயை ஆறவைத்தான். பாலையும் வெதுவெதுப்புக்கு ஆறவைத்தான். சூடாகப் பருகினால்தான் இதம் என்று போர்வையும் ஏசியும் ஏற்பாடு செய்த பானம், திரியாமல் இருப்பதற்காக மூன்று பாத்திரங்களில் வரிசையாக நின்று ஆறியது. 18 டிகிரி அறையில் அது சீக்கிரமே ஆறியது என்பதையும் ஏசியின் பெருமையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுப் பால் சரிப்படாவிட்டால் ஓட்ஸ் இருக்கிறது. தாவரத்திலிருந்து எடுக்கும் பானங்களைப் பால் என்று விற்கக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வாங்குகிறவர்கள் விடாமல் பால் என்றே கூப்பிட்டு அதன் மானத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். அதில் கேசினே கிடையாது. தவிர, ஓட்ஸின் மாவுச்சத்தை நொதியால் உடைக்கும்போதே மால்டோஸ் என்ற சர்க்கரை உள்ளே உண்டாகிவிடுகிறது. சிரப் போதவில்லை என்ற கவலைக்கு இடமில்லாதபடி முன்யோசனையோடு செய்யப்பட்ட திரவம். கஞ்சி என்று சொல்லிக் கொடுத்தால் கண்ணாலும் பார்க்காத பிள்ளை, லிட்டர் இவ்வளவு என்று விலை ஒட்டிக் கொடுத்தால் குடிக்கிறான். ஓட்ஸுக்கு இப்படி ஒரு மோட்சம்.

"ஆன்டி ஆக்சிடன்ட் இருக்குல்ல மாமா, அதுக்காகத்தான்" என்று அவன் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். கிரீன் டீயில் கேட்டச்சின் என்ற நல்ல பொருட்கள் இருப்பது நிஜம். பாலின் கேசின் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்பதும் நிஜம். 2007-ல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் பதினாறு பெண்களுக்குத் தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தேநீர் குடித்தபோது ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்தன; கொழுப்பு நீக்கிய பாலைக் கொஞ்சம் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. ஆனால் அது கறுப்புத் தேநீர். ஆட்களும் பதினாறு பேர்தான். பாலும் பத்தில் ஒரு பங்குதான். முக்கால் டம்ளர் பால் ஊற்றிய கிரீன் டீயைப் பற்றி அந்த ஆய்வு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனவே நம் லாட்டேயைச் சட்டப்படி யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுப்பதுதான் நீதி.

சில வாரங்களில் அவன் மேல் வகுப்புக்குப் போனான். டீப் பை போய், பச்சைத் தேயிலைத் தூளான மாச்சா வந்தது; அதைக் கடைய ஒரு மூங்கில் கடைகோலும் வந்தது.

இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஜப்பானிய புத்த பிட்சு எய்சாய் 1191-ல் சீனாவிலிருந்து திரும்பும்போது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். இருபது ஆண்டு கழித்துத் தேநீரின் நலன்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ, இலைத் தூளையும் வெந்நீரையும் தவிர வேறெதுவும் வேண்டாத ஒரு தேநீர்ச் சடங்கை வகுத்தார். சின்ன அறை, முரட்டு மண் கோப்பை, மூங்கில் கடைகோல், பேச்சுக் குறைவு. கியோட்டோவுக்குப் பக்கத்தில் உஜி என்ற ஊரில் இன்றைக்கும், பறிப்பதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்தே தேயிலைச் செடிகளுக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெயில் குறைந்தால் பச்சையம் கூடும், தியானின் என்ற பொருள் கூடும், கசப்புக் குறைந்து ஒரு தனிச் சாரம் ஏறும். பறித்த இலையை ஆவி காட்டி உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கி, கல் எந்திரத்தில் சூடேறாமல் மெல்ல அரைக்கிறார்கள். ஒரு எந்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் தூள் கிடைத்தால் பெரிது.

அந்தத் தூளில் இரண்டு கிராமை எடுத்து, வெந்நீரில் கடைந்து, ஸ்ட்ராபெர்ரிக் குழம்புக்கும் ஓட்ஸ் பானத்துக்கும் மேல் ஊற்றினான் என் அக்கா மகன். அரைக்க மூன்று நிமிடம் எடுத்த தூள் மறைய மூன்று விநாடி எடுத்தது. எண்ணூறு ஆண்டுகளாகப் பெரியவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்த எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் திரும்பவும் உள்ளே கொண்டுவந்து சேர்த்த அவன் சாதனையை என்னவென்று சொல்வது? உலகமெங்கும் இப்படிப்பட்ட ரசிகர்கள் பெருகியதால் 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் தேயிலைக் கடைகள் சில, ஒருவருக்கு இவ்வளவு டப்பாதான் என்று ரேஷன் வைத்தன. ஸ்ட்ராபெர்ரியின் அடியில் காணாமல் போவதற்காக ஒரு பொருளுக்கு ரேஷன் வைக்கும் நிலையை மனிதகுலம் எட்டியிருக்கிறது. ரிக்யூவை 1591-ல் அன்றைய ஆட்சியாளன் ஹிடெயோஷி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னான். இதைப் பார்க்கும் வேலையாவது மிச்சம்.

இனி தரிசனம். அடியில் சிவப்பு, நடுவில் வெள்ளை, மேலே பச்சை. சர்க்கரை மிகுந்த கூழ் கனமானதால் அடியில் படுத்துக்கொள்கிறது. நுரைத்த பால் நடுவில் நிற்கிறது. டீ மேலே மிதக்கிறது. பௌதிகப் பரிசோதனைக் கூடத்தில் அடர்த்தியை விளக்க இதைவிட நல்ல மாதிரி கிடையாது. ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்பதற்காகச் சாத்திய திரையை விலக்கினான். போர்வையின் மடிப்பைச் சரிசெய்தான். பக்கத்தில் ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தான். அது அக்காவின் தமிழ்ப் பஞ்சாங்கம் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டு வேறு வைத்தான். படம் எடுத்தான், திரும்ப எடுத்தான், அடுக்கு லேசாகக் கலையத் தொடங்கியதும் பதறி இன்னும் எடுத்தான்.

படம் எடுத்து முடித்தால் குடித்துத் தொலைக்க வேண்டும் என்பது மட்டும்தான் இந்தப் பானத்தின் குறை. குடிக்கக் கலக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரியின் சிவப்புக்குப் புளிப்பு இருக்கும்வரைதான் ஆயுள். பாலின் பக்கம் வந்ததும் மங்கிவிடும். அதோடு பச்சை சேர்ந்தால் வருகிற நிறம், ஓவிய வகுப்பு முடிந்து பிள்ளைகள் பிரஷ் கழுவிய தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும். அந்த நிறத்தை இதுவரை எவரும் படம் எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அழகைப் பொதுவில் வைத்து, உண்மையைத் தனிமையில் விழுங்குவது பெரிய மனசு.

ருசி? எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. முதலில் இனிப்பு வந்தது. பிறகும் இனிப்பு வந்தது. பழத்தைத் தேடினேன், பால் நின்றது. பாலைத் தேடினேன், புல் வாசனை லேசாகக் கடந்து போனது. தேநீரைத் தேடிக்கொண்டிருக்கும்போது டம்ளர் முடிந்துவிட்டது. மூன்று நல்ல பொருட்களில் எது ஒன்றும் மற்றதைவிட மேலோங்கிவிடாமல், மூன்றுமே தெரியாமல் பார்த்துக்கொண்ட அந்தச் சமநிலையை நான் வேறெங்கும் கண்டதில்லை. நரம்பைத் தளர்த்தி இதமாக உறங்க வைக்கும் என்று சொல்லிக் கொடுத்தான். கஃபீன் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் இரவு வெகுநேரம் விழித்திருந்து அந்த இதத்தை அனுபவித்தேன்.

கடைசியாகப் பாத்திரம். டவரா டம்ளரோடு முடிந்துகொண்டிருந்த வீட்டில் இப்போது தொட்டி நிறைகிறது: சிரப் அடிப்பிடித்த பாத்திரம், மிக்ஸி ஜார், சல்லடை, டீ ஊறிய கெட்டில், பால் ஆறிய கிண்ணம், ஃப்ராதர், அளவுக் கரண்டிகள், இரட்டைச் சுவர் டம்ளர்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா காலையில் வந்து போய்விடுவார். லாட்டே பிற்பகலில் நடக்கிறது. எனவே இந்தப் பகுதியை அக்காவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். மூங்கில் கடைகோலுக்குச் சோப்பு படக் கூடாதாம், வெந்நீரில் அலசி நிழலில் நிறுத்தி வைக்க வேண்டுமாம். அக்காவுக்கு அது தெரியாது. ஸ்டீல் நார் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டாள். நாரா மாகாணத்துக் கைவினைஞர் ஒரே மூங்கில் துண்டைக் கீறிக் கீறி உண்டாக்கிய இழைகள் சாக்கடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை நோக்கிப் புறப்பட்டன.

"அம்மா, அது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்!"

"கைப்பிடி நல்லாத்தான்டா இருக்கு. மோர் கடைஞ்சுக்கறேன்."

வாசகர்களும் தங்கள் வீட்டில் அவசியம் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஏசி, தெர்மாமீட்டர், தராசு எல்லாவற்றையும் வாங்குங்கள். சிரப்பில் கை வைத்துக் குறைக்காதீர்கள், குறைத்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும் அபாயம் உண்டு. ஒரே ஒரு விண்ணப்பம். சல்லடைக் கண்ணில் மாட்டிக்கொண்ட ஸ்ட்ராபெர்ரி விதைகள் தண்ணீருக்கும் போகாது, நாருக்கும் போகாது. ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். அந்த வேலையை, லாட்டே குடித்தவரே செய்யட்டும்.